குறிச்சொற் பணியும் தொண்டர் கூட்டுறவும்

நூல் நிலையம் ஒன்றில் பதினாயிரம் நூல்கள் இருக்கலாம். அவற்றுள் வேண்டிய நூல் எந்தத் தட்டில் உள்ளது என்று காட்டும் பட்டியல் இல்லையெனின், அவை இருந்தும் இல்லாதனவே ஆகும். பெட்டியில் வைத்த பழைய நிழற்படத்துக்கும், ஒலிநாடாவிற் பதிந்த நாட்டுப் பாடலுக்கும், முதியோர் நாவில் வழங்கும் சொல்லுக்கும் இவ்வுண்மை பொருந்தும். ஒரு பொருளைத் தேடிச் சேர்த்து வைப்பது ஒரு பணி. சேர்த்த பொருள் இன்னது, இவ்விடத்தது, இக்காலத்தது, இன்னார் வழங்கியது என்று குறித்து வைப்பது மற்றொரு பணி. முன்னது கண்ணுக்குத் தெரிவது. ஆதலின் அதனைப் பலரும் போற்றுவர். பின்னது கண்ணுக்குத் தெரியாதது. ஆனால் அஃதின்றி முன்னது பயன் தருவதில்லை.

பொருளை இனங்காட்டும் இத்தகைய சிறு குறிப்பினைக் குறிச்சொல் என்று இக்காலத்தார் வழங்குகின்றனர். அச்செழுத்தைப் படித்து அதிலுள்ள சொற்களைப் பிரித்துத் தரக் கணினி வல்லதாகிவிட்டது. ஆயினும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஒரு படத்தில் மூன்றாவதாக நிற்பவர் யார், ஒரு தோட்டத்தார் தம் பேச்சில் வழங்கும் சொல்லுக்கு அவ்விடத்தில் என்ன பொருள் என்பவற்றைத் தானே அறியும் ஆற்றல் கணினிக்கு இல்லை. அவற்றை அறிந்தவர் சொன்னாலன்றி எவரும் அறிதல் இயலாது. அறிந்தவரோ ஓரிடத்தில் இல்லை. பல ஊரில், பல வீட்டில் உள்ளனர். ஆகவே இப்பணி பலர் கூடிச் செய்ய வேண்டிய பணியாகின்றது. ஊதியம் கருதாத பலரை இப்பணிக்கு அழைப்பது எவ்வாறு, அழைத்தவரை நிலைக்கச் செய்வது எவ்வாறு என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கின்றது.

ஓர் ஆசிரியரும் ஆயிரம் வாசகரும்

பலர் கைகொண்டு ஓர் அறிவுப் பணியை முடிக்கும் முறை கணினியோடு பிறந்ததன்று. 1857ஆம் ஆண்டில் இலண்டன் மொழியியற் சங்கத்தார் ஆங்கில மொழிக்குப் புதியதோர் அகராதி வேண்டுமென எண்ணி, நூல்களைப் படித்துச் சொற்களுக்கு எடுத்துக்காட்டுத் திரட்டித் தருமாறு பொதுமக்களை வேண்டினர். தொடக்கத்தில் ஊக்கம் பெருகிற்று. பின்னர் மேற்பார்வை தளர்ந்தது. தொண்டர் பலர் சோர்ந்தனர். அவர் திரட்டிய சீட்டுகள் பல இடங்களிற் சிதறின. ஒரு பகுதிச் சீட்டுகள் அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்திற் கண்டெடுக்கப்பட்டன; அவற்றிற் பெரும்பாலானவை அதற்குள் அடுப்பு மூட்டப் பயன்பட்டுத் தீர்ந்துவிட்டன.

1879இல் அவ்வகராதியின் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் மரே என்பார் ஒரு பாடசாலை ஆசிரியர். அவர் புதியதோர் வேண்டுகோளை அச்சிட்டு உலகெங்கும் பரப்பினார். ஆயிரம் வாசகர் வேண்டும் என்று கேட்டதோடு அவர் நிற்கவில்லை. எந்தெந்த நூல்கள் இன்னும் படிக்கப்படவில்லை என்று பட்டியல் தந்தார். சீட்டு எவ்வளவினதாக இருத்தல் வேண்டும், சொல்லை எங்கே எழுத வேண்டும், நூற்பெயர், ஆண்டு, பக்கம், மேற்கோள் என்பவற்றை எவ்வொழுங்கில் எழுத வேண்டும் என்று விளக்கினார். அரிய சொல், வழக்கிறந்த சொல், புதிய சொல், விந்தையாகத் தோன்றும் சொல் என்று எதனைக் கண்டாலும் குறிக்கும்படி கேட்டார். சொல்லுக்குப் பொருள் எழுதும்படி வாசகரை அவர் கேட்கவில்லை. அது பதிப்பாசிரியர் கடமை. படிக்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய ஒன்றையே அவர் கேட்டார். வந்த சீட்டுகளை அடுக்குவதற்குப் பாடசாலை வளவிலேயே ஓர் இரும்புக் கொட்டிலை அமைத்து, அதனுள் நூற்றுக்கணக்கான மரப்புரைகளை வைத்தார்.

அகராதியின் முதற்பகுதி 1884இல் வெளிவந்தது. மரே 1915இல் மறைந்தார். பணி முற்றுப்பெற்றது 1928இல். முன்னர்ச் சோர்ந்த முயற்சி பின்னர் வென்றமைக்குக் காரணம் மக்களின் ஆர்வம் திடீரெனப் பெருகியது அன்று. ஆர்வம் முன்னும் இருந்தது. அந்த ஆர்வத்துக்கு ஏற்ற சிறு வேலையும், வேலையின் பயனைப் பேணும் ஓர் இடமும் பின்னரே அமைந்தன.

யப்பானிய மொழிக் கல்வி காட்டும் வழி

இம்முறை கணினிக் காலத்தில் எவ்வாறு வளர்ந்தது என்பதற்கு யப்பானிய மொழியைக் கற்போர் பொருட்டு நிகழ்ந்த பணிகள் நல்ல எடுத்துக்காட்டு. இலங்கையில் உயர்தர வகுப்பிலும் அம்மொழி ஒரு பாடமாக உள்ளதால், அதன் இயல்பு இங்குள்ள மாணவர் சிலருக்கும் தெரிந்ததே. யப்பானிய மொழியில் ஒரு சொல்லின் பொருளை மட்டும் அறிந்தால் போதாது. பெரியோரிடத்தில் வழங்குவதா, தன்னைத் தாழ்த்திச் சொல்வதா, நண்பரிடை வழங்குவதா, இன்ன வட்டாரத்துக்கு மட்டும் உரியதா என்பதும் அறிதல் வேண்டும். நன்றி கூறுதற்குப் பாடநூல்கள் கற்பிக்கும் சொல் ‘அரிகத்தோ’ என்பது. ஒசாக்கா, கியோத்தோ முதலிய நகரங்களைக் கொண்ட கன்சாய் வட்டாரத்தார் ‘ஓக்கினி’ என்றும் சொல்வர். இவ்வேறுபாட்டைக் காட்டும் குறிப்பு இல்லாத அகராதி கற்போனுக்கு அரைவழித் துணையே ஆகும்.

அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் பிரீன் 1991இல் யப்பானிய–ஆங்கிலச் சொற்கோவை ஒன்றை யாவரும் விலையின்றிப் பயன்படுத்தும்படி வெளியிட்டார். பிறர் அனுப்பிய திருத்தங்களாலும் சேர்க்கைகளாலும் அது வளர்ந்து இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளைக் கொண்டுள்ளது. அதன் சிறப்பு எண்ணிக்கையில் மட்டும் இல்லை. இலக்கண வகை, துறை, வட்டாரம், மரியாதை நிலை, வழக்கிறந்தமை என்பவற்றைக் காட்டும் குறிச்சொற்கள் பதிவுகளோடு இணைந்துள்ளன. அக்குறிச்சொற்களும் முன்னரே வகுத்த ஒரு பட்டியலிலிருந்து எடுக்கப்படுவன. ஒவ்வொருவரும் தம் மனம்போனவாறு ஆக்கிக்கொள்வன அல்ல.

எடுத்துக்காட்டு வாக்கியங்களின் வரலாறு இன்னும் படிப்பினை உடையது. ஹியோகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் யசுஹித்தோ தனாக்கா தம் மாணவர் ஒவ்வொருவரையும் முந்நூறு யப்பானிய–ஆங்கில வாக்கிய இணைகளைத் திரட்டித் தரப் பணித்தார். பல ஆண்டுகளில் அவை இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டன. 2001இல் தொகுப்பு வெளிவந்தது. ஆயின் அதில் எழுத்துப் பிழைகளும், இயல்பல்லாத வாக்கியங்களும், ஒன்றே பலமுறை வந்தனவும் மலிந்திருந்தன. பின்வந்தோர் அவற்றைக் களைந்தபோது ஏறக்குறைய ஒன்றரை இலட்சமே எஞ்சின. மாணவர் கடமையாகச் செய்த பணியில் எண்ணிக்கை கிடைத்தது. செம்மை பிற்காலத்தில் ஆர்வலர் கையாற் கிடைத்தது.

2006இல் திராங் ஹோ என்னும் பெண்மணி தொடங்கிய ‘தத்தோஎபா’ என்னும் வாக்கியத் தொகுப்பு இவற்றைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. அச்சொல்லுக்கு யப்பானிய மொழியில் ‘எடுத்துக்காட்டாக’ என்பது பொருள். அங்கே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் உரியவர் உண்டு. அவரே அதன் செம்மைக்குப் பொறுப்பாவர். உரியவர் அற்ற வாக்கியத்தை அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் தத்தெடுத்துத் திருத்தலாம். ஒவ்வொருவரும் தமக்கு நன்கு தெரிந்த மொழியிலேயே எழுதுதல் நன்று என்பது அங்கு வலியுறுத்தப்படும் நெறி. ஊதியம் பெறாத ஒருவர் தாம் திருத்தியது தம் பெயரில் நிலைத்திருப்பதைக் காணும்போது, அடுத்ததைத் திருத்த மீண்டும் வருகின்றார்.

படங்களைப் பொறுத்தும் இத்தகைய சோதனை நிகழ்ந்துள்ளது. 2008ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தார் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பழைய நிழற்படங்களைப் பொதுமக்கள் முன் வைத்து, தெரிந்த விவரத்தைக் குறிக்குமாறு வேண்டினர். பத்து மாதங்களில் ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் அறுபத்தேழாயிரம் குறிச்சொற்களை இட்டனர். அவர்கள் தந்த செய்திகளைச் சரிபார்த்தபின் ஐந்நூறுக்கு மேற்பட்ட படங்களின் விவரங்களை நூலகத்தார் தம் பட்டியலிலேயே திருத்தினர். பொதுமக்களிடம் விட்டால் தகாதன எழுதுவர் என்ற அச்சம் பெரும்பாலும் பொய்த்தது; நீக்க வேண்டியிருந்தவை மிகச் சிலவே.

தமிழில் நிகழ்ந்தவை

தமிழுலகம் இத்துறையிற் பின்தங்கியதன்று. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளன்று, சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கலியாணசுந்தரம் முதலியோர் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினர். பல நாடுகளிலிருந்த தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, ஒருவர் எழுதியதை மற்றொருவர் மெய்ப்புப் பார்த்து, எவரும் எடுத்துப் படிக்கும்படி அளித்தனர். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. அதன் தொடக்க ஆண்டுகளிற் பெரும்பணி ஆற்றியவர்களுள் இலங்கையரான இ. மயூரநாதன் முதன்மையானவர்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. ஒரு சமூகத்தின் எழுத்துச் செல்வம் ஒரே இடத்தில் இருப்பதன் இடரை அந்நிகழ்ச்சி காட்டிற்று. இலங்கைத் தமிழ் எழுத்துகளை மின்வடிவிற் காக்க 2005இல் தொண்டர் முயற்சியாகத் தொடங்கியதே நூலகம் என்னும் மின்னூலகம். நூல், இதழ், செய்தித்தாள் என்பவற்றோடு பாடசாலை ஆண்டு மலர்களும் அதில் இடம்பெற்றுள்ளன. நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் ஆகியவை மட்டுமன்றி, உள்ளடக்கத்தின் தலைப்புகளும் பல பதிவுகளில் எழுதப்பட்டுள்ளமை அதன் பெரும் பயன். பழைய மலர் ஒன்றில் மாணவன் ஒருவன் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரையையும் தேடி எடுக்க அவ்வொரு வரியே துணையாகின்றது.

விக்கிமூலம் என்னும் மற்றொரு தமிழ்த் தொகுப்பில் மெய்ப்புப் பார்க்கும் முறை கருதத்தக்கது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாக வந்த ஏறக்குறைய இரண்டாயிரம் நாட்டுடைமை நூல்கள் அங்குள்ளன. அவற்றின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறம் உண்டு. திருத்தப்படாத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்தபின் மஞ்சள். வேறொருவர் மீண்டும் பார்த்து ஒப்பியபின் பச்சை. முதலிற் பார்த்தவரே பச்சை ஆக்குதல் இயலாது. ஒரு நூலைத் திருத்தித் தருக என்று கேட்டால் அஞ்சி விலகும் ஒருவர், ஒரு பக்கத்தைத் திருத்தித் தருக என்றால் உடன்படுவார். எவ்வளவு முடிந்தது, எவ்வளவு எஞ்சியது என்பதை நிறமே சொல்லிவிடுகின்றது.

மலைநாட்டுச் சொல்லும் படமும்

இப்பணிகளின் ஒளி இன்னும் நன்கு படாத ஒரு நிலம் மலையகம். கண்டி மாவட்டத்தில் கம்பளையிலிருந்து நுவரெலியா செல்லும் பெருவழியில் அமைந்த புசல்லாவை, இலங்கைத் தோட்ட வரலாற்றின் தொடக்கத்தோடு தொடர்புடைய ஊர். கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியவில் 1820களின் தொடக்கத்தில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டார். புசல்லாவை ரொத்சைல்ட் தோட்டத்தில் வேர்ம்ஸ் சகோதரர்கள் 1841இற் சீனத் தேயிலைக் கன்றுகளை நட்டனர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையை வாணிகப் பயிராக்குவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முற்பட்ட செய்தி இது. துரைமாரின் பெயர்களும் அவர்கள் நட்ட ஆண்டுகளும் இவ்வாறு நூல்களில் உள்ளன. அக்கன்றுகளுக்குக் குழி வெட்டிய கைகளின் பெயர்கள் அந்நூல்களில் இல்லை.

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறாம் ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. அந்த இருநூறு ஆண்டுகளில் அவர்களிடையே தனித்த சொல்வளம் ஒன்று உருவாயிற்று. லயம், காம்பரா, பிரட்டு, கொழுந்து மடுவம், பிள்ளைக் காம்பரா, கவ்வாத்து, முள்ளுக்குத்து, நிரை, கான், கணக்கப்பிள்ளை, துண்டு, பற்றுச்சீட்டு என்பன அவற்றுட் சில. அவற்றுட் சில தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. சில போர்த்துக்கேயமும் ஆங்கிலமும் நாவில் உருமாறியவை. சில பழைய தமிழ்ச் சொற்கள் புதிய பொருள் பெற்றவை. ‘பேர்’ என்பது தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குரிய பதிவு. ‘அரைப்பேர்’ என்பது அரைநாட் கூலி. ‘மலைக்குப் போனார்’ என்றால் வேலைக்காட்டுக்குப் போனார் என்பதே பொருள். ‘நாடு’ என்பது தோட்டத்துக்கு வெளியேயுள்ள சிங்களக் கிராமத்தைக் குறிக்கும்.

‘தவறணை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்தில் அது கள்ளு விற்கும் இடம்; தேயிலைத் தோட்டத்திலோ கன்றுகளை வளர்க்கும் நாற்றுமேடை. ‘விடியற்காலையில் பெண்கள் தவறணைக்குப் போயினர்’ என்ற தொடரைக் குறிப்பொன்றும் இல்லாமற் படிக்கும் யாழ்ப்பாணத்து மாணவன் என்ன நினைப்பான்? ‘மலையக வழக்கு, தேயிலைத் தொழில்’ என்னும் இரு குறிச்சொற்கள் அவ்விடரை நீக்கும். கன்சாய் வழக்குக்கு யப்பானிய அகராதி செய்த அதே பணியை இங்கே இவ்விரு குறிப்புகள் செய்கின்றன. ‘கவாத்து’ என்பதும் இத்தகையது. ஓரிடத்தில் அது படைப்பயிற்சி. மற்றோரிடத்திற் செடியை வெட்டிச் சீராக்குதல்.

இச்சொற்களைத் திரட்டும் முயற்சி தனியொருவர் அளவில் நடந்துள்ளது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டங்களில் வழங்கிய பாடல்களைத் தொகுத்து 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என வெளியிட்டார். என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் முதலிய எழுத்தாளர் தம் சிறுகதைகளில் தோட்டப் பேச்சை நிலைநாட்டினர். ஆயினும் தோட்டத்துக்குத் தோட்டம் வழங்கும் வேறுபாடுகளைத் தனியொருவர் திரட்டிவிடல் இயலாது. ஒரே தோட்டத்துக்கு ஆவணத்தில் ஆங்கிலப் பெயரும் தொழிலாளர் வாயில் வேறொரு தமிழ்ப் பெயரும் வழங்குவதுண்டு. அவ்விரண்டையும் இணைத்துக் காட்டாவிடின் பழைய கடிதம் ஒன்றில் வரும் ஊர் எதுவென்று பேரனுக்கே தெரியாது.

நிழற்படங்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எடுக்கப்பட்ட தோட்டப் படங்கள் தபாலட்டைகளாக உலகெங்கும் சென்றன. அவற்றின் கீழ் ‘தமிழ்க் கூலிகள்’, ‘கொழுந்து பறிப்போர்’ என்ற அளவிலேயே எழுதப்பட்டது. கூடை சுமந்து நிற்பவருக்குப் பெயர் இல்லை. சில வேளைகளில் ஊரும் இல்லை. மிகப் பழைய படங்களுக்கு இனிப் பெயர் காண்டல் அரிது. ஆனால் 1950, 1960களில் எடுத்த குடும்பப் படங்களும், திருவிழாப் படங்களும், காமன் கூத்துப் படங்களும் வீடுகளில் உள்ளன. அவற்றில் நிற்பவரை அறிந்த முதியோர் சிலர் இன்றும் உளர். அவர்கள் மறைந்தபின் அப்படங்களும் ‘கொழுந்து பறிப்போர்’ என்னும் பொதுப்பெயருக்குள் அடங்கிவிடும்.

இவ்விடத்தில் மற்றொரு நிலையையும் நினைத்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழி வகுத்தது. அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. சென்றோரிற் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளிற் குடியேறினர். அவர்களுக்கு வேலை அளிக்கத் தமிழ்நாட்டு அரசு 1968இல் அங்கே தேயிலைத் தோட்டங்களை அமைக்கத் தொடங்கிற்று. ஆகவே புசல்லாவையில் எடுத்த ஒரு படத்தின் ஒரு பாதியை அறிந்தவர் புசல்லாவையிலும், மறுபாதியை அறிந்தவர் கோத்தகிரியிலும் இருக்கக்கூடும். அவ்விருவரையும் ஒரு படத்தின் முன் கூட்டுவிக்கும் வழி இப்பணி ஒன்றே.

தொண்டர் வருவதும் நிலைப்பதும்

மேற்கூறியவற்றிலிருந்து சில நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, கேட்கும் பணி சிறிதாதல் வேண்டும். ‘மலையகச் சொற்களைத் திரட்டுக’ என்றால் எவரும் திகைப்பர். ‘கொழுந்து மடுவத்தில் வழங்கும் ஐந்து சொற்களை உம் பாட்டியிடம் கேட்டு எழுதுக’ என்றால் ஒரு மாலைப் பொழுதில் முடியும்.

இரண்டாவது, ஒருவர் தமக்குத் தெரிந்ததையே தரும்படி கேட்டல் வேண்டும். கொழுந்து பறித்த மூதாட்டி எழுத்தறியாதவராயினும் கொழுந்தின் தரங்களைக் குறிக்கும் சொற்களுக்கு அவரே பேராசிரியர். அவரிடம் இலக்கணக் குறிப்புக் கேட்டல் அவரை நாணச் செய்வதாகும். ‘இதனை எப்போது சொல்வீர்கள்?’ என்று கேட்டல் அவரைப் பெருமைப்படுத்துவதாகும். தொண்டர் பலர் விலகுவது சோம்பலால் அன்று. தமக்குத் தெரியாததைக் கேட்டதனால் உண்டாகும் கூச்சத்தாலேயே.

மூன்றாவது, குறிச்சொற்பட்டியல் முன்னரே வகுக்கப்படுதல் வேண்டும். லயம், லயன், லைன் என ஒருவர் ஒருவாறு எழுதினால் ஒன்றைத் தேடுவோனுக்கு மற்றவை அகப்படா. ஒன்றைத் தலைச்சொல்லாகக் கொண்டு ஏனையவற்றை அதன் வடிவங்களாக இணைத்தல் தகும். ஆனால் பேசியவர் வாயில் வந்த வடிவத்தை அழித்தல் கூடாது. ‘பெரட்டு’ என்று ஒருவர் சொன்னால் அதுவும் பதிவில் நிற்க வேண்டும்.

நான்காவது, ஒருவர் எழுதியதை மற்றொருவர் பார்த்தல் வேண்டும். இருவர் கருத்து மாறுபட்டால் ஒன்றை விலக்குவதினும் இரண்டையும் இடத்தோடு குறித்தல் நன்று. ஒரு தோட்டத்தார் கூறும் பொருளும் அடுத்த தோட்டத்தார் கூறும் பொருளும் வேறாயின், அவ்வேறுபாடே ஓர் அரிய செய்தி.

ஐந்தாவது, தந்தவர் பெயர் நிலைத்தல் வேண்டும். சொல் தந்த முதியவர், எழுதிய மாணவர், சரிபார்த்த ஆசிரியர் ஆகிய மூவர் பெயரும், அவர்கள் உடன்பட்டால், பதிவோடு இருத்தல் முறை. பரிசும் போட்டியும் தொடக்கத்தில் ஊக்கம் தரலாம். எண்ணிக்கைக்கு மட்டும் பரிசு தந்தாற் செம்மை குறையும் என்பதை மாணவர் திரட்டிய யப்பானிய வாக்கியங்களே காட்டின.

ஆறாவது, எல்லை அறிதல் வேண்டும். உயிரோடிருப்போரின் படத்தை அவர் இசைவின்றி வெளியிடுதல் தகாது. சாதிப் பெயர் போன்று மனத்தைப் புண்படுத்துவனவற்றைக் குறிச்சொல்லாக்குவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பழைய படத்தின் கீழ் அச்சிட்ட ‘கூலி’ என்ற சொல்லை அழித்தால் வரலாறு மறையும்; அதனை அக்காலத்துத் தலைப்பு என்று காட்டி, அதன் பக்கத்தில் அம்மக்களே இசையும் விவரத்தை எழுதுவது நேரிய வழி.

கல்லூரியின் பங்கு

இந்நெறிகளை நடைமுறைப்படுத்த மலைநாட்டுக் கல்லூரிகளினும் ஏற்ற இடம் இல்லை. மாணவன் ஒருவன் காலையிற் கல்லூரியில் எழுத்துத் தமிழையும், மாலையில் லயத்திலோ வீட்டிலோ தோட்டத் தமிழையும் கேட்கின்றான். இரண்டுக்கும் நடுவே நிற்பவன் அவனே. அவன் பாட்டனார் அறிந்ததை அவன் எழுத வல்லன். அவன் எழுதியதை ஆசிரியர் திருத்த வல்லர். கல்லூரியை விட்டுச் சென்று கொழும்பிலும் தமிழ்நாட்டிலும் மேல்நாடுகளிலும் வாழும் பழைய மாணவர் அதனைக் கணினியேற்றவும், தம்மிடமுள்ள படங்களைச் சேர்க்கவும் வல்லர்.

வகுப்பொன்று ஒரு தவணைக்கு ஒரு துறையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு தவணை கொழுந்தும் தொழிற்சாலையும். மற்றொரு தவணை லயத்து வாழ்வு. அடுத்தது தப்பு, காமன் கூத்து, மாரியம்மன் திருவிழா. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சீட்டு. அதில் சொல், ஒலிக்கும் வகை, பொருள், பேச்சில் வந்தவாறே ஒரு வாக்கியம், கேட்ட தோட்டமும் பிரிவும், கூறியவரின் வயது, எழுதிய நாள் என்பன இருந்தாற் போதும். மரே வகுத்த சீட்டும் ஏறத்தாழ இத்தகையதே. அவ்வகராதியின் பழைய சீட்டுகளுக்கு நேர்ந்த கதி நேராதவாறு, திரட்டியவற்றின் ஒரு படியைக் கல்லூரி நூல் நிலையத்திலும், மற்றொரு படியை நூலகம் போன்ற பொதுத் தொகுப்பிலும் வைத்தல் வேண்டும். ஆண்டு மலரில் அவ்வாண்டுக்குரிய சொற்பட்டியலை வெளியிடின், தந்தோர் தம் பெயரை அச்சிற் காண்பர். அதனைக் காணும் அயல்வீட்டார் ‘எனக்குத் தெரிந்தது ஒன்று விட்டுப்போயிற்று’ என்று தாமே முன்வருவர்.

திருவிழாவில் தேர் இழுப்போருட் பெரும்பாலோர் வடத்தின் நுனியைக்கூடக் காண்பதில்லை. அருகில் அகப்பட்ட இடத்திற் கைவைக்கின்றனர். தேர் நகர்வதைக் கண்டபின் பார்த்து நின்றோரும் வந்து பிடிக்கின்றனர். ஆயினும் வடம் முன்னரே முறுக்கப்பட்டும், சக்கரத்துக்குக் கட்டை போடுவோர் தம் இடத்தில் நின்றும் இருத்தல் வேண்டும். தொண்டர் வரவில்லை என்று குறைகூறும் முன், அவர் பிடிப்பதற்கு வடம் உண்டா என்று பார்ப்பது கடன். சீட்டும் பட்டியலும் சரிபார்ப்போரும் ஆயத்தமாயின் மலைநாட்டில் இப்பணிக்குக் கைகள் குறையா. குறைவது காலம் ஒன்றே. தவறணையில் முதற்கன்றுக்கு நீர் வார்த்த நாளை நினைவில் வைத்திருக்கும் முதியோர் ஆண்டுக்கு ஆண்டு அருகி வருகின்றனர்.